தோற்பையில் என்ன இருக்கிறது என்று அவன் சொல்லவில்லை

பத்தாம் நாள் ஊர் தெரிந்துவிட்டது. கரையில் மனிதர்கள் நெருப்பு மூட்டிக்கொண்டிருப்பது கப்பலில் இருந்தே தெரிகிற அளவுக்கு அருகில் வந்துவிட்டார்கள். டிராயில் பத்து ஆண்டுகள் போரிட்டு, திரும்பும் வழியில் கூட வந்தவர்களைப் பறிகொடுத்து, ஒற்றைக்கண் அரக்கனின் குகையில் இருந்து தப்பி, இதோ இத்தாக்கா வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்துத் தலைவன் ஒடிசியஸ் தூங்கிப்போனான்.

பழங்கிரேக்கக் கவிஞர் ஹோமரின் ‘ஒடிசி’யில் பத்தாம் காண்டத்தின் தொடக்கத்தில் வருகிறது இந்தக் காட்சி. 24 காண்டங்கள், 12,000 அடிகளுக்கு மேல் நீளும் காவியத்தில் இதற்குக் கிடைத்திருப்பது சுமார் 80 அடிகள்தான். ஆனாலும் பல ஆண்டுகளாக நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம் இது. பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள், பழைய முறையை விட்டுப் புதிய முறைக்கு ஒரு கூட்டத்தை அழைத்துப்போகிற பொறுப்பில் இருப்பவர்கள், வேறு எதைப் படிக்காவிட்டாலும் இந்த 80 அடிகளைப் படிக்க வேண்டும் என்று மனதார நினைக்கிறேன்.

கதை இப்படிப் போகிறது. காற்றுகளுக்குக் காவலனாகத் தேவர்களின் தலைவன் ஜீயஸ் அமர்த்தியவன் அயோலஸ். அவன் வாழ்வது கடலில் மிதக்கும் ஒரு தீவில். அதைச் சுற்றி வெண்கலச் சுவர். அங்கே ஒடிசியஸும் அவனுடைய ஆட்களும் ஒரு மாதம் விருந்தாளிகளாகத் தங்கினார்கள். அயோலஸ் போரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான். ஒடிசியஸ் சொல்லிக்கொண்டே இருந்தான். விடைபெறும் நாளில் அயோலஸ் ஒன்பது வயது எருதின் தோலை உரித்துப் பை செய்து, ஊளையிடும் காற்றுகளை அதற்குள் அடைத்து, ஒரு மூச்சுக்கூடக் கசியாதபடி வெள்ளிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, கப்பலுக்குள் வைத்துக் கொடுத்தான். மேல்காற்றை மட்டும் வெளியே விட்டுவைத்தான், கப்பல்களை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகட்டும் என்று.

ஒன்பது பகல், ஒன்பது இரவு. அத்தனை நேரமும் பாய்க்கயிற்றை ஒடிசியஸே பிடித்துக்கொண்டிருந்தான். ஆட்களில் வேறு யாரிடமும் அதைக் கொடுக்கவில்லை. சீக்கிரம் ஊர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்ததாக அவனே சொல்கிறான். நல்ல எண்ணம்தான். ஆனால் ஒன்பது இரவு விழித்திருந்த கண் பத்தாம் நாள் என்ன செய்யும்?

அவன் கண் மூடியதும் ஆட்கள் பேச ஆரம்பிக்கிறார்கள். ஹோமரின் பெருமை இந்தப் பேச்சில் இருக்கிறது. போகிற ஊரெல்லாம் இந்த மனிதனைக் கொண்டாடுகிறார்கள், டிராயில் அடித்த கொள்ளையில் நல்ல பொருள்களாக எடுத்துக்கொண்டு போகிறான், அதே பயணத்தைச் செய்த நாம் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறோம், இப்போது அயோலஸ் வேறு எதையோ கொடுத்திருக்கிறான், உள்ளே எவ்வளவு பொன், எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். கயிற்றை அவிழ்த்தார்கள். காற்றுகள் சீறி வெளியே வந்தன. அழுது கதறிய மனிதர்களோடு கப்பல்களைப் புயல் திரும்ப நடுக்கடலுக்கு அள்ளிக்கொண்டு போனது.

இந்தக் கதையைப் பேராசைக்குக் கிடைத்த தண்டனையாகத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். நானும் இளம் வயதில் அப்படித்தான் புரிந்துகொண்டேன். பிறகுதான் ஒன்று உறைத்தது: இது காற்று, அவிழ்த்தால் செத்தோம் என்று அவன் தன் ஆட்களிடம் ஒரு வார்த்தை சொன்னதாகக் காவியத்தில் எங்கும் இல்லை. சொல்ல ஒன்பது நாள் இருந்தது. எதிரி யாரும் ஒட்டுக்கேட்கிற இடமும் அல்ல. சொன்னால் என்ன கெட்டுப்போயிருக்கும்? வெள்ளிக் கயிறு கட்டிய பெரிய தோற்பை கண்ணெதிரே கிடக்கிறது. தலைவன் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. பாய்க்கயிற்றையும் யாரிடமும் தருவதில்லை. இதைப் பார்க்கிறவன் வேறு என்னவென்று நினைப்பான்?

எனக்கு உறைத்தது புத்தகத்தால் அல்ல, நான் வேலை பார்த்த அச்சகத்தால்.

அச்சுக்கான உலோகத் தகடுகளைத் தயாரிக்கும் பிளேட் பிரிவில் அங்கே பதினோரு பேர். விளக்கு மேசையில் பிலிமைப் பரப்பி, பக்கங்களைக் கணக்குப் பார்த்து அடுக்கி, டேப் ஒட்டி, பிளேட்டின் மேல் வைத்து ஒளி காட்டிக் கழுவி எடுப்பார்கள். நான்கு வண்ணத்துக்கும் உள்ள கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்கார வேண்டும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில் எங்கள் மூத்தவர் ஒருவருக்கு நிகர் கிடையாது. பிலிமே வேண்டாம், கணினியில் இருந்து நேராகப் பிளேட்டை எடுத்துவிடலாம் என்ற சி.டி.பி. இயந்திரம் எங்கள் பக்கத்து அச்சகங்களுக்கு ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். எங்கள் நிர்வாகமும் வாங்க முடிவு செய்தது. ஷிப்டுப் பொறுப்பாளன் என்பதால் என்னிடம் சொன்னார்கள். ஆர்டர் உறுதியாகும் வரை வெளியே சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்கள்.

இத்தனைக்கும் யாரையும் வீட்டுக்கு அனுப்பும் எண்ணம் அங்கே இல்லை. ஆறு பேருக்குப் புதிய இயந்திரத்தில் பயிற்சி, மீதிப் பேருக்கு அச்சிலும் பைண்டிங்கிலும் இடம் என்று தாளில் எழுதியே வைத்திருந்தார்கள். அந்தத் தாளை என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்தார்கள். பிளேட் அறையின் நீள அகலத்தை அளந்தார்கள். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய கட்டம் போட்டார்கள். ஜன்னல் பக்கம் ஒரு வட்டம். யாரிடமும் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை வேலைக்கு வந்தவர்கள் அந்தக் கோடுகளைச் சுற்றி நின்றார்கள். அன்று மதியமே கட்டடத்தை விற்கப்போகிறார்கள் என்று பேச்சு. புதன்கிழமைக்குள் வாங்குகிறவர் யார், முன்பணம் எவ்வளவு என்பது வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒன்றுகூட உண்மையில்லை.

டீக்கடையில் அந்த மூத்தவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “தம்பி, என்ன நடக்கிறது?” என்றார். “எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணே” என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கண்ணாடிக் குவளையில் மீதி இருந்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். மூன்று வாரத்தில் நான்கு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்கள். முதலில் போனவர் அவர்தான்.

மறைத்து வைத்த இடம் வெறுமையாகக் கிடப்பதில்லை. ஆளாளுக்கு மனதில் எது அரித்துக்கொண்டிருக்கிறதோ அதை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். ஒடிசியஸின் ஆட்களை அரித்தது வெறுங்கை. அதனால் பைக்குள் பொன்னைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களை அரித்தது வேலை போய்விடுமோ என்ற பயம். அதனால் சாக்பீஸ் கோட்டில் விற்பனைப் பத்திரத்தைப் பார்த்தார்கள். வதந்தி கிளப்பிவிட்டார்கள் என்று நிர்வாகத்தில் கோபப்பட்டபோது நானும் தலையாட்டினேன். ஒடிசியஸும் அதைத்தான் செய்தான். புயல் அவனைத் திரும்ப அயோலஸின் வாசலுக்கே கொண்டுவந்து தள்ளியது. என்ன ஆயிற்று என்று அயோலஸின் வீட்டார் வியந்து கேட்டபோது, என் பொல்லாத ஆட்களும் பாழும் தூக்கமும் என்னைக் கெடுத்துவிட்டன என்றான். பையைப் பற்றித் தான் சொல்லாமல் விட்டது அந்தப் பட்டியலில் இல்லை. தேவர்களின் வெறுப்புக்கு ஆளானவனுக்கு இனி உதவ மாட்டேன் என்று அயோலஸ் விரட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு காற்றே கிடையாது. ஆறு நாள் துடுப்பு வலித்து, ஏழாம் நாள் லைஸ்திரிகோனியர் என்னும் ராட்சதர்களின் நாட்டுக்கு வருகிறார்கள். சுற்றிலும் செங்குத்துப் பாறை, குறுகிய வாய், உள்ளே அலையே இல்லாத அமைதியான துறைமுகம். பதினொரு கப்பல்கள் உள்ளே போய் நெருக்கி நின்றன. ஒடிசியஸ் மட்டும் தன் கப்பலை வெளியே, துறைமுகத்தின் விளிம்பில், ஒரு பாறையில் கட்டினான். ஏன் என்று கவிதை சொல்லவில்லை. அவனுக்கு ஏதோ பட்டிருக்கிறது. அதை மற்றப் பதினொரு கப்பல்காரர்களிடம் சொன்னதாகவும் இல்லை. ராட்சதர்கள் மேலே நின்று பாறைகளை எறிந்து பதினொன்றையும் நொறுக்கினார்கள். மனிதர்களை மீன்களைப் போலக் குத்தி எடுத்துக்கொண்டு போனார்கள். வாளால் கயிற்றை வெட்டித் தப்பியது ஒரே ஒரு கப்பல்.

மிஞ்சிய அந்தக் கப்பலில் யூரிலோகஸ் என்று ஒருவன் இருக்கிறான். ஒடிசியஸுக்குச் சம்பந்த வழியில் நெருங்கிய உறவு. ஒடிசியைப் படித்தவர்களுக்குப் பொதுவாக இவனைப் பிடிக்காது. முரண்டு பிடிப்பவன், கடைசியில் எல்லாரையும் அழிவில் கொண்டுபோய் விட்டவன் என்று பெயர். எனக்கோ வயது ஏற ஏற இவன்மேல்தான் பரிவு கூடுகிறது.

சர்சி என்னும் மாயக்காரியின் தீவில் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, தலைக்கவசத்தில் சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில் முன்னால் போய்ப் பார்க்கும் வேலை யூரிலோகஸுக்கு விழுந்தது. 22 பேரோடு போனான். அவள் உள்ளே அழைத்ததும் மற்றவர்கள் போய்விட்டார்கள். ஏதோ சூது இருக்கிறது என்று அவன் மட்டும் வெளியே நின்றான். அவர்கள் பன்றிகளாக மாற்றப்பட்டார்கள். ஓடிவந்தவனுக்குத் துக்கத்தில் பேச்சே வரவில்லை. பிறகு ஒடிசியஸ் போய் அவர்களை மீட்டு, கரையில் இருக்கிற மற்றவர்களையும் அழைத்துப்போக வந்தபோது, யூரிலோகஸ் மறுத்தான். அரக்கனின் குகையிலும் இந்த மனிதனின் துணிச்சலால்தானே நம் ஆட்கள் செத்தார்கள் என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டான். அது உண்மை. ஆட்கள் அன்று குகையை விட்டுப் போய்விடலாம் என்று கெஞ்சியதையும், தான் கேட்காமல் போனதையும் ஒடிசியஸே முந்தைய காண்டத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறான். ஆனால் உண்மையைக் கேட்டதும் அவனுக்கு வந்த எண்ணம், உறவு என்றும் பாராமல் வாளை உருவி அவன் தலையைச் சீவிவிடலாமா என்பது. மற்றவர்கள் இடையில் புகுந்து தடுத்தார்கள். யூரிலோகஸ் பயந்துகொண்டே பின்னால் வந்தான்.

பயந்து பின்னால் வருகிறவனைச் சம்மதித்து வருகிறவனாக எண்ணிக்கொள்வது தலைமையில் இருப்பவர்களுக்கு மிக எளிது. யூரிலோகஸின் சினம் அடங்கவே இல்லை. அதை அடுத்து வரும் கடல் காட்டுகிறது.

அதற்கு முன்னால் ஒடிசியஸ் சரியாகச் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் அவனுக்கு அநீதி செய்தவனாவேன். பாடிப் பாடியே கப்பல்களைக் கவரும் சைரன்களைக் கடக்க வேண்டும். சர்சி அவனிடம் முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். இந்த முறை அவன் ஆட்களைக் கூப்பிட்டு, நண்பர்களே, இவள் சொன்ன ஆரூடங்கள் ஓரிருவருக்கு மட்டும் தெரிந்திருப்பது முறையல்ல, எல்லாருக்கும் சொல்கிறேன், சாவதானாலும் தப்புவதானாலும் தெரிந்தே செய்வோம் என்று தொடங்குகிறான். காற்றுப் பைக்குப் பிறகு இந்த வார்த்தைகளைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். அந்த ஒரு மனிதன் கற்றுக்கொண்டுவிட்டான் என்று தோன்றும்.

அதன் பலன் உடனே தெரிகிறது. பெரிய மெழுகு வட்டை ஒன்றை வாளால் துண்டு துண்டாக வெட்டி, வெயிலிலும் கைச்சூட்டிலும் பிசைந்து, ஒவ்வொருவர் காதாக அவனே அடைத்துவிடுகிறான். அவனை நிற்கவைத்துப் பாய்மரத்தோடு கட்டுகிறார்கள். நான் அவிழ்க்கச் சொன்னால் இன்னும் இறுக்கிக் கட்டுங்கள் என்று முன்பே சொல்லிவைத்திருந்தான். பாட்டு வந்தது, அவன் புருவத்தால் சைகை காட்டி அவிழ்க்கச் சொன்னான், அவர்கள் குனிந்து துடுப்பு வலித்தார்கள். இரண்டு பேர் மட்டும் எழுந்துவந்து கட்டுகளைக் கூட்டி இறுக்கினார்கள். ஒருவன் பெரிமீடிஸ். இன்னொருவன் யூரிலோகஸ். எதிர்த்துப் பேசியதற்காக யாருடைய தலையைச் சீவ நினைத்தானோ, அவனுடைய கையால்தான் ஒடிசியஸின் உயிர் காப்பாற்றப்பட்டது. என்ன நடக்கப்போகிறது என்று சொல்லப்பட்டதால்தான் தலைவனின் சைகையை மீறித் தலைவனைக் காக்க அவர்களால் முடிந்தது.

இங்கேயே கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒடிசியஸ் எல்லாவற்றையும் சொல்லிவிடவில்லை. அதே மூச்சில் சர்சி இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அடுத்த இடுக்கில் ஒரு பக்கம் கப்பலையே விழுங்கும் கரிப்டிஸ் என்னும் சுழல். மறுபக்கம் பாறைக் குகையில் ஆறு தலை ஸ்கில்லா. ஸ்கில்லாவின் பக்கம் போனால் ஆறு பேர் போவார்கள், சுழலின் பக்கம் போனால் எல்லாரும் போவார்கள். சண்டை போட்டுப் பயனில்லை, ஆறு பேரை இழந்துவிட்டு வேகமாகக் கடந்துபோ என்றாள். இதை மட்டும் அவன் ஆட்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் துடுப்பை விட்டுவிட்டு உள்ளே போய் ஒடுங்கிக்கொள்வார்கள் என்று நினைத்தேன் என்று காரணமும் தருகிறான்.

அந்தக் காரணத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. பல இரவுகள் யோசித்திருக்கிறேன். உங்களில் ஆறு பேர் இன்று சாவீர்கள், யார் என்று தெரியாது, துடுப்பு வலியுங்கள் என்று எந்தத் தலைவனால் சொல்ல முடியும்? சொன்னால் ஒருவேளை அத்தனை பேரும் சுழலுக்குப் போயிருப்பார்கள். மறைப்பதிலும் வகைகள் உண்டு. ஹோமரின் இன்னொரு காவியமான இலியட்டின் இரண்டாம் காண்டத்தில், ஒன்பது ஆண்டுகள் போரில் அலுத்த படையின் மனத்தைச் சோதிக்கிறேன் என்று கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான், கப்பலேறி ஊருக்குப் போய்விடலாம் என்று பொய்யாகச் சொல்லிப் பார்க்கிறான். கூட்டம் கடலைப் போலப் புரண்டு, புழுதி கிளப்பிக்கொண்டு, கப்பல்களை நோக்கி ஓடிவிடுகிறது. அது தன் ஆட்களின் களைப்போடு விளையாடுவது. ஸ்கில்லா விஷயத்தில் ஒடிசியஸ் செய்தது அப்படிப்பட்டதல்ல. ஆட்களைக் காப்பாற்றத்தான் மறைத்தான். என்றாலும் அதற்கும் விலை இருந்தது.

எல்லாரும் கரிப்டிஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஸ்கில்லா ஆறு பேரைத் தூக்கிவிட்டாள். ஒடிசியஸ் திரும்பிப் பார்க்கிறான். மேலே ஆகாயத்தில் கைகளும் கால்களும் தெரிகின்றன. பாறையில் நின்று நீண்ட கோலால் மீன் பிடிப்பவன், சிக்கிய மீனைத் துடிக்கத் துடிக்க மேலே வீசுவது போல என்கிறார் ஹோமர். அந்த ஆறு பேரும் கடைசியாக ஒரு முறை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கடலில் நான் பட்ட துன்பங்கள் அனைத்திலும் இதைவிடப் பரிதாபமானதை என் கண்கள் பார்த்ததில்லை என்கிறான். கூப்பிட்டது மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும் அல்லவா? இவனுக்கு முன்பே தெரிந்திருக்குமோ என்று ஒருவன்கூடவா நினைத்திருக்க மாட்டான்? சைரன்களைப் பற்றி எல்லாம் தெரிந்துவைத்திருந்த மனிதன் ஆயிற்றே.

இந்த நிலையில்தான் திரினாக்கியா தீவு வருகிறது. சூரியதேவன் ஹீலியோஸின் மாடுகள் மேயும் இடம். இந்த முறை ஒடிசியஸ் உண்மையைச் சொல்கிறான்: இந்தத் தீவில் இறங்க வேண்டாம், பெரும் கேடு காத்திருக்கிறது என்று தீர்க்கதரிசி டைரீசியஸும் சர்சியும் எச்சரித்திருக்கிறார்கள், கடந்து போய்விடுவோம். யூரிலோகஸ் எழுந்து பேசுகிறான். உனக்கு உடம்பெல்லாம் இரும்பு, நீ களைப்பதில்லை, எங்களுக்கு அப்படியா, தூக்கமும் களைப்புமாகக் கிடக்கிறவர்களைக் கரையில் இறங்கி ஒரு வேளைச் சோறு ஆக்கித் தின்ன விடாமல் இருட்டில் கடலில் அலையச் சொல்கிறாயே என்று கேட்கிறான். எல்லாரும் அவன் பக்கம். நான் தனி ஆள், நீங்கள் என்னை வற்புறுத்துகிறீர்கள் என்று ஒடிசியஸ் இறங்கி வருகிறான். மாடுகளைத் தொடுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொள்கிறான். அன்றிரவு அவர்கள் சாப்பிட்டு முடித்ததும், ஸ்கில்லா தின்ற தோழர்களை நினைத்து அழுதுகொண்டே தூங்குகிறார்கள். ஹோமர் இந்த அழுகையைச் சொல்லாமல் விடவில்லை. எனக்கு அது முக்கியமாகப் படுகிறது.

ஒரு மாதம் தென்காற்று நிற்கவே இல்லை. கப்பலில் இருந்த உணவு தீர்ந்தது. வளைந்த தூண்டிலில் மீனும் பறவையும் பிடித்துத் தின்றார்கள். ஒடிசியஸ் தேவர்களை வேண்டிக்கொள்ளத் தனியாகத் தீவுக்குள் போனான்; அங்கேயும் தூங்கிப்போனான். மறுபடியும் தூக்கம்! யூரிலோகஸ் மற்றவர்களிடம் சொல்கிறான்: சாவு எல்லாமே கொடியது, பட்டினிச் சாவு எல்லாவற்றிலும் கொடியது, இந்த அநாதைத் தீவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதைவிட ஒரே மடக்கில் கடலைக் குடித்துச் செத்துப்போகிறேன். மாடுகளை வெட்டினார்கள். கடலுக்குப் போனதும் ஜீயஸின் இடி கப்பலைப் பிளந்தது. ஒடிசியஸைத் தவிர ஒருவரும் மிஞ்சவில்லை.

திரினாக்கியாவில் அவன் சொன்னது முழு உண்மை. அதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளாததற்குப் பசி காரணம், களைப்பு காரணம், சரி. நான் படிக்கிற விதத்தில், காற்றுப் பையும் ஸ்கில்லாவும் காரணம். பேச வேண்டிய இடங்களில் பேசாமல் இருந்துவிட்டு, நெருக்கடியில் சொல்கிற உண்மைக்கு எடை இருப்பதில்லை. எங்கள் அச்சகத்திலும் அதுதான் நடந்தது. ஆர்டர் உறுதியானதும் எல்லாரையும் கூட்டி, அந்தத் தாளை வாசித்துக் காட்டி, ஒருவருக்கும் வேலை போகாது என்றார்கள். ஏழு பேர் உட்கார்ந்து கேட்டார்கள். ஒருவர்கூடக் கேள்வி கேட்கவில்லை. கேள்வியே இல்லாமல் ஒரு கூட்டம் முடிந்தால் நிம்மதி வர வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அடுத்த மாதமே இன்னும் இருவர் போனார்கள்.

காவியம் தன் முதல் அடிகளிலேயே தீர்ப்பை எழுதிவிடுகிறது: தோழர்களைக் காப்பாற்ற அவன் எவ்வளவோ முயன்றான், அவர்கள் தங்கள் அறிவீனத்தாலேயே அழிந்தார்கள் என்று. மாட்டைத் தின்றதைப் பற்றிய வரை அது சரிதான். ஆனால் ஒன்பதாம் காண்டம் முதல் பன்னிரண்டாம் காண்டம் வரை இந்தப் பயணக் கதையை நமக்குச் சொல்வது யார்? பயேசியர் நாட்டில், அல்சினூஸ் அரசனின் விருந்தில் உட்கார்ந்து, ஒடிசியஸே சொல்கிறான். தலைவன் மட்டும் பிழைத்து வந்து சொல்கிற கதை இது. டிராயில் இருந்து 12 கப்பல்களில் புறப்பட்டவர்களில் மறுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லை. அப்படி இருந்தும், பையைப் பற்றிச் சொல்லாமல் விட்டதும், ஸ்கில்லாவை மறைத்ததும், வாளைத் தொட்டதும் அவன் வாயாலேயே வெளிவந்துவிடுகின்றன. அவனை நான் மதிப்பது அதற்காக.

இன்னொன்றுக்காகவும் மதிக்கிறேன். அது எல்பெனோர் விஷயம்.

எல்பெனோர் அந்தக் கூட்டத்திலேயே இளையவன். போரில் பெரிய வீரன் இல்லை, புத்தியிலும் கெட்டி இல்லை என்று ஹோமர் பட்டென்று சொல்லிவிடுகிறார். சர்சியின் வீட்டில் ஓராண்டு தங்கிவிட்டார்கள்; ஊர் நினைவைத் தலைவனுக்கு எடுத்துச் சொன்னதே ஆட்கள்தான். புறப்படுவதற்கு முந்தைய இரவு, மது மயக்கத்தில், குளிர்ச்சியாக இருக்கும் என்று எல்பெனோர் மாடிக் கூரையில் போய்ப் படுத்திருந்தான். விடிகாலையில் கீழே புறப்பாட்டுச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுந்தவன், ஏணி இருப்பதை மறந்து நேராகக் கால் வைத்து விழுந்து கழுத்து முறிந்து செத்துப்போனான். அவசரத்தில் அவனை அழவும் இல்லை, அடக்கம் செய்யவும் இல்லை. வேறு வேலை எங்களை நெருக்கியது என்று ஒடிசியஸ் சொல்கிறான். புதிய திசைக்குப் புறப்படும் அவசரத்தில் கூரையில் தூங்குகிறவனை எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இறந்தோர் உலகின் வாசலில் ஒடிசியஸ் குழி தோண்டிப் பலி கொடுத்தபோது முதலில் வந்து நின்ற ஆவி எல்பெனோருடையது. என்னை அழாமல், புதைக்காமல் விட்டுவிட்டுப் போய்விடாதே என்று கெஞ்சுகிறான். என் ஆயுதங்களோடு என்னை எரி. சாம்பல் நிறக் கடலின் ஓரம் ஒரு மேடு எழுப்பு. உயிரோடு இருந்தபோது என் தோழர்களோடு சேர்ந்து நான் வலித்த துடுப்பை அதன் உச்சியில் நட்டுவை. அவ்வளவுதான் கேட்கிறான். சர்சியின் தீவுக்குத் திரும்பியதும் ஒடிசியஸ் அதைச் செய்தான். மரம் வெட்டி, எரித்து, மேடு குவித்து, கல் நட்டு, துடுப்பையும் நட்டான். அத்தனை பேரில் காவியம் முறையாக அடக்கம் செய்து காட்டுகிற ஒரே தோழன், யாரும் பெரிதாக மதிக்காத அந்தக் கடைசிப் பையன்.

எங்கள் மூத்தவரைப் போய்ப் பார்க்க எனக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. மகன் வீட்டில் இருந்தார். கண்ணில் அறுவை செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். மருமகளைக் கூப்பிட்டு டீ கொண்டுவரச் சொன்னார். பழைய ஆட்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரித்தார். பிறகு, “அன்றைக்கே உங்களுக்குத் தெரியும்தானே தம்பி?” என்றார்.

“தெரியும் அண்ணே. எல்லாருக்கும் வேலை இருந்தது என்பதும் தெரியும். உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.”

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. டீ வந்தது. குவளையைக் கையில் வாங்கிக்கொண்டு, “அந்த விளக்கு மேசை என்ன ஆயிற்று?” என்று கேட்டார்.

“வாசல் அறையில் கிடக்கிறது. மேலே பார்சல் அடுக்குகிறார்கள்.”

“கண்ணாடி உடையாமல் இருக்கிறதா?”

“இருக்கிறது அண்ணே.”

“இடது மூலையில் ஒரு கீறல் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் பிளேடு நழுவி விழுந்தது.”

நான் கவனித்ததில்லை. மறுநாள் காலை ஷிப்டு தொடங்குவதற்கு முன்னால் போய், பார்சல்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிவைத்து, ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்குக் கீறல் இருந்தது.